ஜோசி, உன் வள்ளத்தின் தண்ணீரை இறக்கிவிட்டேன்

என் ஆசை ஜோசிக்கு,

சனிக்கிழமை உன்னுடைய வள்ளத்தைக் குளிர்காலத்துக்கு மூடி முடித்தேன். நாளைக் காலை கிரேனால் தூக்கிக் கரையில் வைக்கப் போகிறார்கள். உன் பிள்ளை அனித்தாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "ஓகே பெரியம்மா, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள். ஆனாலும் உனக்குச் சொன்னால்தான் வேலை முடிந்த மாதிரி இருக்கும் போலத் தோன்றியது. அதுதான் எழுதுகிறேன்.

கையெழுத்து கோணலாக இருந்தால் குறை நினைக்காதே. பெருவிரலில் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறேன். உன்னுடைய சுடுதண்ணீர் ஹீற்றருக்குப் பின்னால் இருக்கிற இரும்பு வளையம் ஒன்று கிழித்துப்போட்டது.

இருபத்தேழு அடி நீளம், கீழே படுக்க இடம், சமைக்க அடுப்பு, குளிக்க ஒரு சின்ன அறை எல்லாம் இருந்தும் நீ அதை ஒருநாளும் போட் என்று சொன்னதில்லை. திருகோணமலையில் உன் அப்பா வைத்திருந்ததும் வள்ளம், இங்கே கியூபெக்கில், லசீன் ஏரிக்கரையில் நீ வாங்கியதும் வள்ளம். அப்பா உன் அண்ணன்மாரை மட்டும் ஏற்றிக்கொண்டு போவார், பெண்பிள்ளை ஏறக்கூடாது என்பார் என்று பிரெஞ்சு வகுப்பில் பக்கத்தில் இருந்து சொன்னாய். நாங்கள் பழகத் தொடங்கிய முதல் வாரம் அது. நான் அதைச் சும்மா ஒரு கதையாகத்தான் கேட்டேன். நீ இருபது வருடம் கழித்து ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்த சம்பளத்தில் ஒரு வள்ளம் வாங்குவாய் என்று யார் நினைத்தார்கள்?

அது உனக்குக் கிடைத்ததே ஒருவர் மறந்ததால்தான். முந்தைய சொந்தக்காரர் ஒரு வருடம் தண்ணீரை இறக்காமல் விட்டுவிட்டார். குழாய்க்குள் நின்ற தண்ணீர் ஜனவரியில் கட்டியாகி, விரிந்து, இருந்த பைப் எல்லாவற்றையும் வெடிக்கப் பண்ணிவிட்டது. சுடுதண்ணீர்த் தொட்டி வயிறு பிளந்து கிடந்தது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இதை வாங்கிறதுக்குப் பதிலாக ஒரு குளியல் தொட்டியை வாங்கி ஏரியில் விடலாம் என்றார். நீ சிரித்தாய். பிறகு அந்தக் கோடை முழுவதும் முழங்காலில் நின்று பழைய பைப்புகளைக் கழற்றினாய். இரவில் கைத்தொலைபேசியில் யாரோ கியூபெக் மனிதர் குழாய் பொருத்திக் காட்டுகிற வீடியோக்களைப் பார்த்தாய். உன்னுடைய பிரெஞ்சு அப்படித்தான் திருந்தியது என்று நான் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். வால்வு, பம்ப், வடிகால் எல்லாவற்றுக்கும் உனக்குப் பிரெஞ்சுச் சொல் தெரியும். டொக்டரிடம் போனால் மட்டும் என்னைக் கூப்பிடுவாய்.

முதன்முதல் சுடுதண்ணீர் வந்த நாள் நினைவிருக்கிறதா? செப்டெம்பர் மாதம். ஏரி நடுவில் நிறுத்திவிட்டு, குழாயைத் திறந்து, என் கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீருக்குக் கீழே வைத்தாய். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். சுடத் தொடங்கியதும் நான் கையை எடுத்தேன். அதற்குப் பிறகுதான் நீ மூச்சு விட்டாய்.

அதன்பின் ஒவ்வொரு ஒக்டோபரும் நாங்கள் இரண்டு பேரும்தான் மூடுவோம். தொட்டியில் இருக்கிற சுடுதண்ணீரை வீணாக வெளியே விடக்கூடாது என்பது உன் சட்டம். முதலில் நீ தலை முழுகுவாய், பிறகு நான். ஆறு கலன் தண்ணீர், இரண்டு பொம்பிளைகளின் தலைமுடி. உனக்கு முடி நீளம் என்பதால் எனக்கு எப்போதும் கடைசியில் சூடில்லாத பச்சைத்தண்ணீர்தான் வரும். கழிப்பறை மூடியின் மேல் குந்தி இருந்துகொண்டு நான் உன்னைத் திட்டுவேன். வெளியே வரும்போது தோசையும் சம்பலும் தயாராக இருக்கும். சாப்பிட்ட பிறகுதான் வேலை.

தொட்டியை வடித்துவிட்டு, உறையாத அந்த ரோஸ் தண்ணியைப் பம்பால் குழாய்களுக்குள் இழுத்து விடுவாய். நீ கீழே, தளத்துப் பலகையைத் தூக்கிவிட்டுப் பம்புக்குப் பக்கத்தில். நான் மேலே, குழாயடியில். ரோஸ் நிறம் வந்ததும் "வந்திட்டுது" என்று நான் கத்த வேண்டும். சமையலறைக் குழாய், கைகழுவுகிற குழாய், குளிக்கிற குழாய், ஒவ்வொன்றிலும் பச்சைத்தண்ணீர்ப் பக்கம், சுடுதண்ணீர்ப் பக்கம். நான் கத்துகிறது போதாது என்று நீ கீழேயிருந்து, "என்னடி, வந்ததோ வரேல்லையோ" என்று அதைவிடப் பெரிதாகக் கத்துவாய். பக்கத்து வள்ளத்தில் ரேஜானும் அவருடைய மனைவி கொலெத்தும் எட்டிப் பார்ப்பார்கள். முதல் வருடம் சண்டை என்று நினைத்து விலக்கு பிடிக்க வந்தார்கள்.

போன வருடம் மட்டும் நீ கீழே இறங்கவில்லை. "இந்த முறை நீ போ, நான் மேலை நிக்கிறன்" என்றாய். படியில் உட்கார்ந்து, தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடித்தபடி, ஹீற்றருக்குப் பின்னால் இருக்கிற மூன்று வால்வுகளையும் எப்படித் திருப்ப வேண்டும் என்று சொன்னாய். நீ சொல்லச் சொல்லத் திருப்பினேன், ஆனால் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, ஜோசி. முழங்கால் நோ, முதுகு நோ என்று புறுபுறுத்தேன். உனக்குச் சோம்பல் பிடித்துவிட்டது என்றேன். நீ "ஓம், வயசு போட்டுது" என்று மட்டும் சொன்னாய். உனக்குக் குனிய முடியவில்லை என்று எனக்கு டிசம்பர் நத்தாருக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த ஒக்டோபரில் உனக்குப் பரிசோதனை முடிவு வந்துவிட்டதா? அனித்தாவுக்கும் தெரியாது. இனி யாரிடம் கேட்பது?

மே மாதத்தைப் பற்றி எழுதாமல் விடத்தான் நினைத்தேன். எழுதாவிட்டால் நீ சிரிப்பாய்.

ஏரியில் வள்ளங்களை இறக்கத் தொடங்கிய கிழமை அது. செயின்ட்-மிஷேலில் உன் வீட்டில், சாளரத்துக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டிருந்தோம். நான் கஞ்சி கொண்டு வந்திருந்தேன். நீ கஞ்சியைப் பார்க்கவே இல்லை.

"தேவகி, வள்ளத்தை இறக்கச் சொல்லு. தண்ணியைச் சூடாக்கு. ஒருக்கா அங்கை தலை முழுகோணும்."

எனக்கு என்னவெல்லாம் ஓடியது தெரியுமா? தாதி சொன்னது, கிருமி தொற்றும் என்றது, படகுத்துறையில் அடிக்கிற குளிர்காற்று, உன்னை எப்படித் தூக்குவது. எல்லாம் நியாயமான காரணங்கள். "பேந்து பாப்பமடி, கொஞ்சம் வெக்கை வரட்டும்" என்றேன். நீ சரி என்றாய். இரண்டாவது தடவை கேட்கவில்லை. கஞ்சியில் இரண்டு கரண்டி குடித்தாய், எனக்காக.

ஜூன் மாதம் நீ போய்விட்டாய்.

அனித்தா ஹலிஃபாக்ஸில் இருந்து உன்னைப் பார்க்க மே மாதமே லீவு எடுத்து வந்தவள், ஜூலையில் வள்ளத்தை இறக்கச் சொன்னாள். மூன்று கிழமை அதிலேயே படுத்தாள். நான் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு சாட்டுச் சொன்னேன். அவள் திரும்பிப் போகும்போது சாவியை என் கையில் தந்து, விற்கிறதென்றாலும் வைத்திருக்கிறதென்றாலும் பெரியம்மாவின் விருப்பம் என்றாள். விற்கலாம் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்தக் குளியலறையைப் பார்க்க எனக்குப் பயம்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன்.

ஞாயிறு இரவு உறைபனி என்று வானொலியில் சொன்னார்கள். மூடித் தருகிற பெடியன்மாருக்கு நேரம் இல்லை, இரண்டு கிழமைக்கு இடமில்லையாம். அதனால் கடையில் ஒரு கலன் பிடிக்கிற ஆறு போத்தல் ரோஸ் தண்ணி வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன். ஹீற்றரைப் போடவில்லை. எனக்கு மனம் வரவில்லை. தொட்டியில் இருந்த பச்சைத்தண்ணீரைத் திறந்து வெளியே விட்டேன். அது வடிந்து முடிய இருபது நிமிடம். நான் படியில் இருந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு பம்பின் வாயை முதல் போத்தலுக்குள் விட்டு, சுவிட்ச்சைப் போட்டு, ஓடிப்போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்தேன். பச்சைத்தண்ணீர்ப் பக்கம் ரோஸ் சரியாக வந்தது. சுடுதண்ணீர்ப் பக்கம் காற்று மட்டும் வந்தது. கீழே ஓடினேன், போத்தல் காலி. இரண்டாவது. மேலே ஓடினேன், காற்று. மூன்றாவது, நான்காவது. அறுபத்திரண்டு வயதில் அந்தப் படியில் எத்தனை தரம் ஏறி இறங்கினேன் என்று தெரியாது. எங்கேயோ பைப் வெடித்து எல்லாம் அடித்தளத்தில் ஊற்றுகிறது என்று நினைத்துக் கையை விட்டுத் தடவினேன். அப்போதுதான் விரலைக் கிழித்தது. அடித்தளம் காய்ந்திருந்தது. ஆறாவது போத்தலும் முடிந்தது. ஒரு சொட்டு ரோஸ் வரவில்லை.

தளத்தில் அப்படியே இருந்து அழுதேன். இந்த வேலைக்காக அல்ல என்று உனக்குத் தெரியும்.

ரேஜான் தன் வள்ளத்தை முதல் கிழமையே கரைக்கு எடுத்துவிட்டார். மூடு துணி கட்ட வந்தவர் என்னைக் கண்டுவிட்டு இறங்கி வந்தார். காலிப் போத்தல்களைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், பிறகு குனிந்து ஹீற்றருக்குப் பின்னால் கைவிளக்கை அடித்தார். மூன்று வால்வுகளும் கோடையில் இருந்த மாதிரியே இருக்கின்றன என்றார். நான் ஊற்றிய ஆறு போத்தலையும் உன் சுடுதண்ணீர்த் தொட்டி விழுங்கிவிட்டது. தொட்டியைத் தாண்டிப் போகும்படி முதலில் வால்வைத் திருப்பியிருக்க வேண்டும். படியில் இருந்து நீ எனக்குச் சொன்னது அதுதான். "நேரை நிக்கிறதைக் குறுக்கை திருப்பு, குறுக்கை நிக்கிறதை நேராக்கு." அந்த நேரம் மனதில் நிற்காதது, விளக்கு வெளிச்சத்தில் அந்த மூன்று கைப்பிடிகளையும் பார்த்ததும் சொல்லுக்குச் சொல் வந்தது. நானே திருப்பினேன். ரேஜானைத் தொட விடவில்லை.

அவர் தன்னிடம் மிஞ்சியிருந்த மூன்று போத்தலைக் கொண்டுவந்து தந்துவிட்டு, கேட்காமலே மேலே போய்க் குழாயடியில் நின்றார். நான் பம்பைப் போட்டேன். பம்ப் இரைந்தது, இருமியது, பிறகு அதன் சத்தம் தடித்தது. மேலேயிருந்து அந்த மனிதர் கத்தினார்.

"வந்திட்டுது."

ஜோசி, உனக்கு எப்படிச் சொல்ல. எழுபது வயது கியூபெக் கிழவர், கொஞ்சமும் பிழையில்லாமல், நான் கத்துகிற அதே இழுவையோடு. எத்தனை வருடம் நாங்கள் கத்தியதைக் கேட்டிருப்பார். அர்த்தம் தெரியுமா என்று பிறகு கேட்டேன். தெரியாது, குழாயில் நிறம் மாறினால் சொல்ல வேண்டிய சொல் என்று மட்டும் தெரியும் என்றார். ஒவ்வொரு குழாயிலும் சொன்னார். கீழே இருட்டில் நான் இருந்து சிரித்தேன், அழுதேன், பம்பை நிற்பாட்டி நிற்பாட்டிப் போட்டேன்.

வேலை முடிந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது கொலெத் எப்படி என்று விசாரித்தேன். வசந்தத்தில் அவவுக்குப் பக்கவாதம் வந்தது உனக்குத் தெரியாது. இடது பக்கம் சரியாக இயங்காது, பேச்சும் மெதுவாம். ஒவ்வொரு நாளும் ஏரிக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்கிறாவாம். அடுத்த கோடை பார்க்கலாம் என்று தான் சொல்லி வைத்திருப்பதாக ரேஜான் சொன்னார். அவர்களுடைய வள்ளம் கரையில் ஏறிவிட்டது. அதில் ஏற ஏணி வைக்க வேண்டும், அவவால் முடியாது.

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். எங்களுடையது செவ்வாய் வரைக்கும் தண்ணீரில்தான் நிற்கும், படகுத்துறைப் பலகையில் இருந்து ஒரு அடி எடுத்து வைத்தால் போதும், நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். அவர் குளிரும் என்றார். கம்பளி கொண்டு வருகிறேன் என்றேன். தாதியைக் கேட்க வேண்டும் என்றார். நாளைக்குப் பதினொரு மணிக்கு நான் இங்கே நிற்பேன் என்றேன். என்னுடைய பிரெஞ்சில் அவ்வளவு உறுதியாக நான் எதையும் சொன்னதில்லை.

நேற்று வந்தார்கள். நான் ஒரு பக்கம், ரேஜான் ஒரு பக்கம் பிடித்து ஏற்றினோம். வெயில் இருந்தது, காற்று இல்லை. கொலெத் உள்ளே வந்ததும் எப்போதும் செய்கிற மாதிரிக் கைகழுவப் போனா. நாங்கள் தடுப்பதற்கு முன் குழாயைத் திருப்பிவிட்டா. பம்பின் சுவிட்ச்சை நான் நிற்பாட்ட மறந்திருந்தேன். ரோஸ் தண்ணி பீச்சி அவவுடைய உள்ளங்கையில், சட்டைக் கையில், ரேஜானின் கண்ணாடியில் எல்லாம் அடித்தது. முதலில் பயந்துவிட்டா. பிறகு ஒரு பக்க வாயால் சிரிக்கத் தொடங்கினவ, நிற்பாட்டவே இல்லை.

துடைத்துவிட்டு வெளியே இருத்தினேன். கம்பளிக்குள் இஞ்சித் தேத்தண்ணீரோடு ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தவ, மற்றவ எங்கே என்று கேட்டா. ரேஜான் என்னைப் பார்த்தார். அவர் சொல்லியிருக்கவில்லை. கவலைப்படுவா என்று மறைத்திருக்கிறார்.

நீ செத்துப்போனாய் என்று நான் இவ்வளவு நாளும் யாருக்கும் சொல்லவில்லை. தமிழில் அதற்கு எத்தனையோ மெத்தென்ற சொற்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் பாவித்தேன். எனக்குப் பிரெஞ்சில் ஒரு சொல்தான் தெரியும். அதைச் சொன்னேன். சொல்லத் தொடங்கினதும் மற்றதும் வந்தது. மே மாதம் நீ கேட்டது, நான் தள்ளிப் போட்டது எல்லாம், இலக்கணம் இல்லாமல். அனித்தாவிடம் சொன்னபோது அவள் என்னைக் கட்டிப்பிடித்து, பெரியம்மா செய்தது சரி என்றாள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான், வேறு என்ன செய்திருக்கலாம் என்றார். எல்லோரும் நல்லவர்கள். ஒருவர் சொன்னதும் எனக்குள் இறங்கவில்லை.

கொலெத் கேட்டுக்கொண்டே இருந்தா. கோப்பையை மடியில் வைத்தா. சொற்களைத் தேடி, ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னா.

"ஓம். நீ அவவைக் கூட்டி வந்திருக்கலாம்."

பிரெஞ்சில்தான் சொன்னா. எனக்கு ஓம் என்றுதான் கேட்டது.

அவ்வளவுதான். ஆறுதல் சொல்லவில்லை, குற்றம் சாட்டவும் இல்லை. இயங்குகிற வலது கையை நீட்டி என் பிளாஸ்டர் விரலைப் பிடித்துக்கொண்டா. அது எனக்குள் இறங்கியது. ஓம் ஜோசி, கூட்டி வந்திருக்கலாம். நானும் ரேஜானும் அனித்தாவும் சேர்ந்தால் தூக்கியிருக்கலாம். ஒரு மணித்தியாலத்தில் தொட்டி சூடாகியிருக்கும். நான் செய்யவில்லை. அதை இனி நான் நியாயப்படுத்தப் போவதில்லை.

இரண்டு மணித்தியாலம் இருந்தார்கள். வாத்துகள் தெற்கே போவதை கொலெத் எண்ணினா, இடையில் எண்ணை விட்டுவிட்டுத் திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினா. போகும்போது ரேஜான் கொலெத்தைக் காரில் இருத்தினார். காரின் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தம் தந்துவிட்டுப் போனார்.

இன்றைய செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். உன் குழாய்கள் எல்லாம் திறந்தபடி இருக்கின்றன, பம்பின் சுவிட்ச்சை நிற்பாட்டிவிட்டேன், மெத்தைகளைக் காற்றுப் படும்படி நிமிர்த்தி வைத்திருக்கிறேன். உன் நீலத் துவாயை வீட்டுக்கு எடுத்து வந்து தோய்த்தேன். அனித்தாவிடம் விற்கவில்லை என்று சொன்னேன். அவளுடைய உடைந்த தமிழில், "நல்லது. நான் வாறன்" என்றாள். எப்போது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் ஒரு வேலையை உனக்குப் பாழாக்கி வைத்திருக்கிறேன். அந்தத் தொட்டி முழுக்க இப்போது ரோஸ் தண்ணி நிற்கிறது. உறையாது, வெடிக்காது, பயமில்லை. ஆனால் வசந்தத்தில் நிரப்பி நிரப்பி, நுரை போகும் வரைக்கும், ருசி போகும் வரைக்கும் கழுவ வேண்டுமாம். ஐந்து தரம், ஆறு தரம் என்று ரேஜான் சொன்னார்.

அதைச் செய்வேன், ஜோசி. ஏரி திறந்த முதல் கிழமை இறக்கச் சொல்லியிருக்கிறேன், பெயரும் பதிந்துவிட்டேன். தொட்டியைக் கழுவி, சூடாக்கி, நானே முதலில் அந்தக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்துவேன். ஆறு கலன் சுடுதண்ணீரையும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல், அவசரப்படாமல், தலையில் ஊற்றுவேன்.

உன் பிள்ளைக்குப் பெரியம்மா,
தேவகி